மட்டக்கல்

ஏழாவது ஃப்ரெட்டில் விரலை அழுத்தித் தந்தியைச் சுண்டினால் ராகம் வரவில்லை. டீ கிளாஸுக்குள் மாட்டிக்கொண்ட ஈ கத்துகிற சத்தம்தான் வந்தது. கவியா மறுபடி சுண்டினாள். ஈ மறுபடி கத்தியது. ஆறிலும் அப்படியே, எட்டிலும் அப்படியே. முதல் இரண்டில் மட்டும் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நன்றாகப் பேசியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து, மடியில் வாத்தியத்தை வைத்துக்கொண்டு, யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் கோபப்பட்டுக்கொண்டிருந்தாள்.

நாலு மாத உழைப்பு அது. பெட்டி, யாரோ தூக்கிப் போட்ட மேசையின் இழுப்பறை. மேலே மெல்லிய பிளைவுட் மூடி. கழுத்து, மாமல்லபுரத்தில் இடித்த ஒரு வீட்டின் கதவு நிலையிலிருந்து வந்த தேக்குச் சட்டம். கழுத்தின் குறுக்கே ஃப்ரெட்டுகளாகப் பதினைந்து பித்தளைக் கம்பிகள், வெல்டிங் கடையில் உருக்கி ஒட்டுவார்களே, அந்தக் கம்பிதான். இரும்பு அறுக்கிற ரம்பத்தால் சட்டத்தில் கீறல் போட்டு, ஒவ்வொன்றாகப் பதித்துப் பசை போட்டிருந்தாள். எந்த இடத்தில் பதிப்பது என்பதை ஊர் சர்ச்சில் இருக்கிற கிதாரிலிருந்து ஒரு நீளக் காகிதத்தில் ஒற்றி எடுத்தாள். மூன்று தந்திகளும் அந்தக் கிதாரில் கழித்துப் போட்டவை. பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்றுவிட்ட, நாலு பேர் முன்னால் பெயரைச் சொல்லவே நாக்கு ஒட்டிக்கொள்கிற ஒரு பெண், யாரையும் அதிகம் கேட்காமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டாள். கடைசிப் படியில் வந்து ஈ கத்துகிறது.

கம்பிகளின் தலைகள் எல்லாம் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். முன்னால் இருக்கிற ஒன்று கொஞ்சம் தூக்கி நின்றால் போதும், தந்தி அதன் மேல் உரசும். அதற்காகத்தான் பதினைந்து தலைகளிலும் நீல மார்க்கரைப் பூசி, ஒரு நீளக் கல் பட்டையின் அடியில் எமரி ஷீட்டை ஒட்டி, கழுத்தின் மேல் வைத்து முன்னும் பின்னும் இழுத்தாள், எல்லாத் தலையிலும் நீலம் போகும் வரைக்கும். எல்லாவற்றிலும் போயிற்று. கல் பட்டை மட்டமானதா என்று அவள் யோசிக்கவே இல்லை. யோசிக்க என்ன இருக்கிறது? அது மட்டக்கல்லில் தேய்த்த பட்டை.

மட்டக்கல் அவள் வேலை செய்கிற சிலைப் பட்டறையில் இருந்தது. ஒரு கதவளவு கருங்கல் பலகை, செங்கல் கால்களின் மேல். பட்டறை முதலாளி செங்கல்வராயன் ஸ்தபதியின் அப்பா அதை எங்கிருந்தோ வண்டி கட்டிக் கொண்டுவந்தாராம். வெள்ளிக்கிழமைதோறும் அதன் நாலு மூலையிலும் சந்தனம் குங்குமம். செருப்போடு யாரும் கிட்டே போகக் கூடாது. சிலை செதுக்கி முடிந்ததும் பீடத்தின் அடிப்பாகத்தை அந்தக் கல்லில் வைத்து, எமரித் தூளும் தண்ணீரும் விட்டு, பெண்கள் இரண்டிரண்டு பேராக நின்று தேய்ப்பார்கள். தேய்த்து முடித்தால் ஸ்தபதி வருவார். சிலையை அதே கல்லில் நிறுத்தி, பீடத்தின் மூலைகளை இரண்டு விரலால் அழுத்திப் பார்ப்பார். ஆடாது. தலையை ஆட்டிவிட்டுப் போவார். அதன் பிறகு ஓரங்களை நீவி, முகத்துக்கும் வயிற்றுக்கும் பளபளப்பு ஏற்றுகிற கடைசி பாலிஷ். அந்த வேலை இருபத்திரண்டு வருஷமாக முனியம்மாவுடையது. முனியம்மா கவியாவின் சின்னம்மா, அம்மாவின் தங்கை.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு பிள்ளையார் திரும்பி வந்தது. கேளம்பாக்கத்தில் அடுக்குமாடி வீட்டுக்காரர் ஒருவர் காரில் வைத்துக் கொண்டுவந்தார். தரையில் வைத்தால் ஆடுகிறது என்றார். இந்த வருஷத்தில் இப்படி வந்தது இது நாலாவது. ஸ்தபதி பிள்ளையாரை மட்டக்கல்லில் நிறுத்தினார். அசையவில்லை. உங்கள் தரைதான் சரியில்லை என்று சொல்லிப் பார்த்தார். வந்தவர் விடவில்லை. கண்ணாடி மேசையிலும் வைத்தேன், அங்கேயும் ஆடுகிறது என்று போனில் எடுத்த வீடியோவைக் காட்டினார். வீடியோவில் பிள்ளையார் தூளியில் கிடக்கிற குழந்தை மாதிரி இப்படியும் அப்படியும் ஆடியது. ஸ்தபதியின் முகம் கறுத்தது. அப்படியே திரும்பி, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்ற முனியம்மாவைப் பார்த்தார்.

"ஓரத்துல எமரி அதிகமா போட்டுகீறா. கை நடுங்குது, வயசாய்ட்ச்சி இல்ல. நம்ம கல்லு கனமான கல்லு, தாங்கிக்கிது. டைல்ஸு எப்படி தாங்கும்?" என்றார்.

கனமான கல் தாங்கிக்கொள்கிறதாம். இதைவிடப் பொருளில்லாத பேச்சை அந்தப் பட்டறையில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் அத்தனை பேரும் தலையை ஆட்டினார்கள். கவியாவும் ஆட்டினாள். அன்றிலிருந்து சின்னம்மா பாலிஷ் போடுவதில்லை. கல் அறுக்கிற கட்டருக்கு அடியில் தேங்குகிற கல் சேற்றை அன்னக்கூடையில் அள்ளிக்கொண்டுபோய்ப் பின்னால் கொட்டுகிறாள். கடைசி பாலிஷை ஸ்தபதியின் அக்கா மகன் பார்த்திபன் மெஷின் வைத்துப் போடுகிறான்.

அதோடு போயிருந்தால்கூடக் கவியா மறந்திருப்பாள். ஆனால் சின்னம்மா தன் கையைப் பார்க்கத் தொடங்கினாள். டம்ளரை எடுக்கும்போது பார்ப்பாள். கோலப்பொடியைக் கிள்ளும்போது பார்ப்பாள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி பார்ப்பாள். பார்க்கப் பார்க்க, எந்தக் கைதான் ஆடாமல் இருக்கும்? ஒருநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, விடிவதற்கு முன்னால் கிளம்பித் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போய், வரிசையில் நின்று காட்டிவிட்டு வந்தாள். டாக்டரம்மா இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, மேலே ஒரு காகிதத்தை வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை, சத்து மாத்திரை மட்டும் சாப்பிடுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

"டாக்டருக்கு தெர்ல. ஐயா கண்ணுக்கு தெரிஞ்சிகீது பாரு," என்றாள் சின்னம்மா, வருத்தம்கூட இல்லாமல்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு கவியா ஏழாவது ஃப்ரெட்டையே சுண்டிக்கொண்டிருந்தபோது, சர்ச் முடிந்து திரும்பிய கிருபாகரன் வேலி ஓரமாக பைக்கை நிறுத்தினான். இரண்டு வீடு தள்ளி இருப்பவன். புதுப்பட்டினத்தில் லேத் பட்டறையில் வேலை. ஞாயிறு ஆனால் சர்ச்சில் கிதார்.

"இன்னாம்மா, ஈய புட்ச்சி உள்ள அட்ச்சி வச்சிட்டியா?"

அவள் ஏழாவது கம்பியில் மறுபடி சுண்டிக் காட்டினாள். பைக் பையிலிருந்து ஓர் எஃகு ஸ்கேலை எடுத்து, அதன் விளிம்பைக் கம்பிகளின் தலைமேல் நிறுத்தி, வாத்தியத்தைத் தூக்கி வானத்துக்கு நேராகப் பிடித்தான்.

"நடுவுல வெளிச்சம் போவுது பாரு. ஆறு, ஏழு, எட்டு மூணும் பள்ளத்துல உக்காந்துகினு கீது. இந்தாண்ட இருக்கறது மேட்ல நிக்குது, அதான் தந்தி மோதுது. இன்னாத்த வச்சி தேச்ச?"

கல் பட்டையைக் காட்டினாள். அவன் அதன்மேல் ஸ்கேலை வைத்தான். ஸ்கேல் நடுவில் முட்டுக்கொடுத்து, இரண்டு முனையிலும் மாற்றி மாற்றித் தலை தூக்கியது.

"இது முதுகு வளஞ்சி போய்கீது."

"மட்டக்கல்லுல தேச்சதுண்ணா."

"அப்ப கல்லு அன்னிக்கி தண்ணி போட்டுகினு வந்திருக்கும்," என்று சிரித்தான். ஸ்கேலை அவளிடமே விட்டுவிட்டுப் போனான். லேத்து முதலாளி தேடினால் சொல்லிக்கொள்கிறேன் என்றான்.

அவன் போன பிறகு கவியா முதலில் செய்தது, தன் வலது கையை நீட்டிப் பார்த்தது. நடுங்குகிறதா என்று. விரல்களை விரித்து, மூச்சை அடக்கி, கண் இமைக்காமல் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருக்கென்று தைத்தது. நானும் இதையே செய்கிறேனே! எங்கேயோ ஒன்று கோணலாகப் போனால் உடனே நீட்டிப் பார்ப்பதற்கு எங்களிடம் ஒரு கை இருக்கிறது. ஸ்தபதிக்குக் கை இல்லையா? மட்டக்கல் மட்டும் கோணாதா? கையை மடக்கி மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஆண்கள் டீக்கடைப் பக்கம் போனதும், பெண்கள் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தபோது, செருப்பைக் கழற்றிவிட்டு மட்டக்கல்லின் கிட்டே போனாள். ஸ்கேலின் விளிம்பைக் கல்லின் நடுவில் நிறுத்திக் குனிந்து பார்த்தாள். அடியில் நூல் கனத்துக்கு வெளிச்சம். இடுப்பிலிருந்த பஸ் டிக்கெட்டை எடுத்து நுழைத்தாள். ஒரு பக்கம் போய் மறு பக்கம் வந்தது. ஸ்கேல் வளைந்திருக்குமோ என்று தலைகீழாகத் திருப்பி வைத்தாள். அப்போதும் டிக்கெட் போய் வந்தது. வருஷக் கணக்காக எல்லோரும் நடுவிலேயே வைத்துத் தேய்க்கிறார்கள். ஓரத்தில் குங்குமம் கெட்டுவிடும் என்று நடுவிலேயே தேய்க்கச் சொல்வதும் ஸ்தபதிதான். பள்ளமான கல்லில் தேய்த்தால் பீடம் வயிறு தள்ளத்தான் செய்யும். அந்த வயிறு அந்தப் பள்ளத்தில் மட்டும் கச்சிதமாக உட்காரும், உலகத்தில் வேறு எந்தத் தரையிலும் உட்காராது. தப்பைச் செய்த கல்லிலேயே தப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். சரியாக இருக்காமல் என்ன செய்யும்?

ஆனாலும் ஓர் அடி ஸ்கேலை நம்பி ஒரு பட்டறையின் சாமியைக் குறை சொல்ல முடியுமா? அவளுக்கே நம்பிக்கை வர வேண்டியிருந்தது. கழிவுக் குவியலிலிருந்து மூன்று கருங்கல் பட்டைகளைப் பொறுக்கி வீட்டுக்கு எடுத்துவந்தாள். முதலில் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து எமரித் தூள் போட்டுத் தேய்த்தாள். இரண்டு நாளில் இரண்டுக்கும் நடுவே மயிரிழை நுழைய இடமில்லாமல் ஒட்டிக்கொண்டன. பிரித்து ஸ்கேலை வைத்தால் ஒன்று மேடு, ஒன்று பள்ளம். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேர் ஒத்துப்போனால் அது மட்டம் என்று ஆகிவிடாது. ஒருத்தர் கோணலுக்கு இன்னொருத்தர் வளைந்து கொடுத்தாலும் வெளியிலிருந்து பார்க்க ஒற்றுமையாகத்தான் தெரியும். மூன்றாவதை இழுத்துவந்தாள். ஒன்றையும் இரண்டையும், இரண்டையும் மூன்றையும், மூன்றையும் ஒன்றையும் என்று மாற்றி மாற்றித் தேய்த்தாள். சாயங்காலம் வேலையிலிருந்து வந்து வெளிச்சம் இருக்கிற மட்டும் தேய்ப்பாள். பத்தாவது நாள், எந்த இரண்டைச் சேர்த்தாலும் வெளிச்சம் வரவில்லை. நனைத்து ஒன்றோடொன்று ஒட்டி, மேலே இருந்ததைத் தூக்கினால் அடியில் இருந்ததும் கூடவே எழுந்து வந்தது.

அந்த மூன்றில் ஒன்றில் எமரி ஷீட்டை ஒட்டிக்கொண்டு, தந்திகளைக் கழற்றி, பதினைந்து தலைகளிலும் மறுபடி நீலம் பூசினாள். இந்தத் தடவை நீலம் எல்லாவற்றிலும் ஒன்றாகப் போகவில்லை. முதல் கம்பியிலும் பதினைந்தாவதிலும் முதலில் போய், மெல்ல மெல்ல உள்ளே நகர்ந்து, ஏழில் கடைசியாகப் போயிற்று. தலை தட்டையாகிவிட்ட கம்பிகளை அப்படியே விட்டால் சுருதி எங்கே நிற்பது என்று தெரியாமல் தடுமாறும். மரத்தில் கீறல் விழாமல் டேப் ஒட்டி, முக்கோண அரத்தால் ஒவ்வொரு கம்பியையும் இரண்டு பக்கமும் சரித்து, நடுவில் நூல்போல ஒரு கோட்டை மட்டும் விட்டு உருட்டினாள். வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனைகளைச் சாய்வாக அராவினாள். கை ஓடும்போது உள்ளங்கை கிழியக் கூடாது. பிறகு நானூறு நம்பர் ஷீட், அறுநூறு, ஆயிரம், கடைசியில் வெறும் துணி. சாமி கன்னத்துக்கு ஏற்றுகிற அதே வரிசை. சின்னம்மா இருபத்திரண்டு வருஷம் செய்த வரிசை.

தந்தியை ஏற்றி ஏழில் அழுத்திச் சுண்டினாள். சத்தம் சுத்தமாக எழுந்து, இழுப்பறைக்குள் ஒரு சுற்று சுற்றி, தானாக அடங்கியது.

சந்தோஷம் வரும் என்றுதான் நினைத்திருந்தாள். வந்தது வேறு. காதோரம் சூடேறி, கண் எரிந்தது. பத்து நாளில், ஒரு ஸ்கேலையும் மூன்று கழிவுக் கல்லையும் வைத்துக்கொண்டு கண்டுபிடிக்கக்கூடிய ஒன்று. அதை ஒருநாளும் கண்டுபிடிக்க நினைக்காமல் ஒரு மனுஷியைச் சேறு அள்ள வைத்திருக்கிறார்கள்.

வாத்தியத்தை அப்படியே தூக்கிக்கொண்டு சின்னம்மா வீட்டுக்குப் போனாள். முனியம்மா கருவாடு ஆய்ந்துகொண்டிருந்தாள். கவியா ஸ்கேலையும் கல்லையும் வைத்துச் சொன்னாள். அவ்வளவு நீளமாக அவள் பேசிச் சின்னம்மா கேட்டதே இல்லை. முடியும்வரை கேட்டுவிட்டு, மாத்திரை அட்டையை முந்தானையால் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

"கல்ல கொற சொல்லாத. அந்த கல்ல கும்ட்டுட்டுத்தான் இத்தினி வருஷம் சோறு துன்னேன். எனக்கு கை போச்சி, ஒத்துகினேன். ஒத்துகினப்புறம் மனசு அடங்கி கீது. நீ வந்து கெளறாத."

அந்த ஒத்துக்கொண்டதுதான் கவியாவால் தாங்க முடியாததாக இருந்தது. இரண்டு கல் மாதிரி. அவர் கோணலுக்கு இவள் வளைந்து கொடுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை, பூசை முடிந்து கற்பூர வாசம் போவதற்குள், ஸ்தபதி ஒரு நந்தியை மட்டக்கல்லில் நிறுத்தி மூலைகளை அழுத்திக்கொண்டிருந்தார். கவியா கையிலிருந்த எமரி ஷீட்டைக் கீழே வைத்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. பிரித்து எடுத்தாள்.

"ஐயா, கல்லு நடுவுல பள்ளமா கீது."

பட்டறையில் உளிச் சத்தங்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஸ்தபதி அவளைப் பார்த்தது கோபமாக இல்லை. யார் பேசியது என்று தேடுகிறவர் மாதிரி இருந்தது.

பார்த்திபன்தான் முந்திக்கொண்டான். "மாமா, அது வூட்ல கிதாரு செய்யுது இல்ல, அதான் காது போய் கண்ணும் போச்சி."

நாலைந்து பேர் சிரித்தார்கள். ஸ்தபதி சிரிக்கவில்லை. நந்தியை நகர்த்திவிட்டு, அலமாரியிலிருந்து ரசமட்டத்தை எடுத்துவந்து கல்லின் நடுவில் வைத்தார். பச்சைத் தண்ணீருக்குள் குமிழி கொஞ்சம் அலைந்து, இரண்டு கோட்டுக்கும் சரியாக நடுவில் நின்றது.

"படிச்ச பொண்ணுதான நீ. எங்க நிக்குது சொல்லு."

"நடுவுல."

"அப்புறம் இன்னா?"

பள்ளத்தின் இரண்டு கரையிலும் கால் ஊன்றி நின்றால் குமிழி நடுவில்தான் நிற்கும் என்பதை அவளால் அங்கே சொல்ல முடியவில்லை. பஸ் டிக்கெட்டை நுழைத்துக் காட்டலாம் என்று குனிந்தால் விரல்கள் நிஜமாகவே நடுங்கின, இந்த முறை கோபத்தில். நடுங்குகிற கையை அத்தனை பேர் பார்வையிலும் நீட்டுவதில்லை என்று வைராக்கியம் வந்தது. தொட்டியிலிருந்து சொம்பில் தண்ணீரை மொண்டாள். ரசமட்டத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, மட்டக்கல்லின் மேல் சொம்பு முழுவதையும் கவிழ்த்தாள்.

தண்ணீர் விரிந்தது. விளிம்புவரை ஓடியது, கொஞ்சம் கீழே சொட்டியது. பிறகு, யாரும் கூப்பிடாமலே, நாலு பக்கத்திலிருந்தும் திரும்பி வந்தது. மூலைக் குங்குமத்தையும் சந்தனத்தையும் இழுத்துக்கொண்டு நடுவே வந்து கூடி, ஒரு நீள்வட்டமாக நின்றது. ஓரங்களில் ஈரம் மட்டும் மினுக்கியது. நடுவில் குளம்.

ஸ்தபதி தண்ணீரைப் பார்த்தார், பிறகு நந்தியைப் பார்த்தார், பிறகு வாசல் பக்கம் பார்த்தார். "துணி எடுத்து தொட," என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. ஒருவரும் அசையவில்லை. "பார்த்திபா, நீ போய் வேலைய பாரு," என்று குரலை உயர்த்தினார். பார்த்திபன் போனான். கட்டர் அலறத் தொடங்கியது.

அப்போதுதான் முனியம்மா பின்வாசலிலிருந்து அன்னக்கூடையோடு வந்தாள். நின்றாள். கூடையை இறக்கி வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். முழங்கைவரை காய்ந்த சேற்றோடு, யாரையும் பார்க்காமல் கல்லண்டை வந்து, அந்தச் சிவந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகத் தன் வலது கையை நீட்டி, விரல்களை விரித்து, தண்ணீருக்கு மேலே பிடித்தாள்.

கட்டரின் அதிர்வில் தரை அதிர்ந்தது, செங்கல் கால்கள் அதிர்ந்தன, குளத்தில் சன்னமான அலைகள் ஓடின. தண்ணீருக்குள் தெரிந்த கையின் பிம்பம் நடுங்கியது. சின்னம்மா தலையைத் திருப்பிக் கவியாவைப் பார்த்தாள். பாத்தியா, நான் சொன்னேன் இல்ல, என்பது போல.

கவியா நடந்தாள். கட்டரைத் தாண்டி, பார்த்திபனைத் தாண்டிச் சுவரோரம் போய், பிளக்கைப் பிடுங்கினாள். அவன் ஏதோ கத்தினான். சக்கரம் உடனே நிற்கவில்லை, பாதி அறுத்த கல்லுக்குள் சுற்றிக்கொண்டே குரல் தாழ்ந்துகொண்டு போயிற்று. பிளக்கைக் கையில் இறுக்கியபடி அவள் திரும்பிப் பார்த்தாள். சின்னம்மா கையை இன்னும் எடுக்கவில்லை. கைக்குக் கீழே தண்ணீரில் அலைகள் ஒவ்வொன்றாக அகலமாகி, மெலிந்து, கரையில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன.